பெரிய மின்னோட்டமெல்லாம் பழுது அல்ல



தீபாவளி நெருங்கும் மாதங்களில் சிவகாசி அச்சகங்களுக்கு ஓய்வில்லை. பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்களும் காலண்டர்களும் அப்போதுதான் அச்சாகின்றன. மின்சாரம் நின்றால் "உடனே கொடுங்கள்" என்ற குரல் எழுவது இயல்பே. ஆனால் துணை மின்நிலையத்தில் நிற்கும் மின்மாற்றிக்கு அந்த இணைக்கும் கணமே சோதனையான கணம்.

ஏன் தெரியுமா? மின்னழுத்த அலை சுழியைக் கடக்கும்போது இணைத்தால், உள்ளகத்தின் காந்தப் பாயம் வழக்கமான உச்ச அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகும். இரும்பில் எஞ்சியிருந்த காந்தமும் அதே திசையில் இருந்தால் இன்னும் கூடும். இரும்பு தெவிட்டிவிடும். அப்போது முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் 8, 10 மடங்குகூட முதன்மைச் சுருளில் பாயும். இதுவே தொடக்கப் பாய்ச்சல். சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும். இது பழுது அல்ல.

மின்மாற்றியைக் காக்கும் ரிலேயோ இரு பக்க மின்னோட்டங்களையும் சுற்று விகிதப்படி ஒப்பிடுகிறது. கணக்கு பொருந்தாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கிறது. தொடக்கப் பாய்ச்சல் ஒரு பக்கத்தில் மட்டும் பாய்வதால் ரிலே ஏமாறக்கூடும்.

"அப்படியானால் ரிலேயின் வரம்பை உயர்த்திவிடலாமே" என்பார் சிலர். இது தவறு என்பதே என் கருத்து. சுருளில் சில சுற்றுகள் மட்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், வெளியே தெரியும் மின்னோட்டம் சிறிதே. உள்ளேயோ எண்ணெய் சூடேறித் தீப்பிடிக்கலாம். காதைப் பொத்திக்கொண்ட காவலாளியால் யாருக்கு என்ன பயன்?

வேறுபாடு அளவில் இல்லை, வடிவில் இருக்கிறது. பழுது மின்னோட்டம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் சைன் அலை. தொடக்கப் பாய்ச்சல் ஒரு பக்கமாகவே கூர்ந்து எழுவது; அதில் 100 ஹெர்ட்ஸ் கூறு, அதாவது இரண்டாம் சீரிசை, மிகுதி. அது அடிப்படை அலையில் சுமார் 15 விழுக்காட்டைத் தாண்டினால் ரிலே பொறுத்திருக்கும். கென்னடி, ஹேவர்டு என்ற பொறியாளர்கள் 1938இல் விளக்கிய வழி இது. புதுவகை இரும்புத் தகடுகளில் இக்கூறு சில வேளை குறைந்துவிடுவதால், அலையின் வடிவத்தையே நுணுகி ஆராயும் ரிலேக்களும் இன்று உள்ளன.

நீங்களே வரைந்து பாருங்கள். உயரம் 1 உள்ள ஓர் அலை. அதன்மேல், இருமடங்கு அதிர்வெண்ணும் பாதி உயரமும் உள்ள இன்னோர் அலை. இரண்டும் உச்சியில் தொடங்கட்டும். கூட்டினால் மேலே 1.5, கீழே 0.75. ஒரு பக்கச் சாய்வு கண்ணுக்கே தெரியும்.

ஆகவே ரிலே துண்டித்துவிட்டால் "எப்போது வரும்?" என்பதற்கு முன் "ஏன் போனது?" என்று கேட்கப் பழகுங்கள். அலை வடிவத்தைப் பார்க்கச் செலவாகும் சில நிமிடங்கள், ஒரு மின்மாற்றியையும் அதனருகே நிற்கும் ஊழியரையும் காக்கும்.