நூறு ஆட்டம் கண்ட மதில்

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவருக்கு மாலை விழும். கோல் விழாமல் தடுத்தவரை யார் நினைக்கிறார்கள்? மாசிடோனியாவின் பின்கள வீரர் கோட்சே செட்லோஸ்கி, தடுத்தவர்களின் வரிசையைச் சேர்ந்தவர்.

1991-ல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த சின்னஞ்சிறு நாடு மாசிடோனியா. மக்கள் தொகை சுமார் 20 லட்சம். அதன் கால்பந்துக் கோஷ்டி 1993-ல்தான் முதன்முதலாகக் களம் இறங்கியது. பெரிய ஆட்டம் ஆட விரும்பியவர்கள் வெளிநாடு போகவேண்டியிருந்தது. செட்லோஸ்கியும் போனார். பிரிலெப் நகரின் போபெடா கழகத்திலிருந்து குரோஷியாவின் ஹைடுக் ஸ்பிளிட். 1998-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு வெட்னஸ்டே. அங்கே சில மாதங்களே! அதே ஆண்டில் குரோஷியா திரும்பினார். சேர்ந்ததோ, ஹைடுக்கின் பரம வைரியான ஜாக்ரெப் கோஷ்டியில்! பிறகு துருக்கி, முடிவில் ஆஸ்திரியாவின் மாட்டர்ஸ்பர்க்.

கழகங்கள் மாறின. நாட்டுச் சட்டையை மட்டும் அவர் விடவில்லை. 2010-ல் விடைபெற்றபோது நாட்டுக்காக ஆடியிருந்த ஆட்டங்கள் 100. அந்த எண்ணைத் தொட்ட முதல் மாசிடோனியர் அவரே. ஆயினும் உலகக் கோப்பையிலோ ஐரோப்பியக் கோப்பையிலோ ஆடும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

அந்த வாசல் 2021-ல் திறந்தது. வட மாசிடோனியா என்ற புதிய பெயருடன் அந்நாடு ஐரோப்பியக் கோப்பையில் ஆடியது. மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஆனாலும் அந்த அரங்கில் நாட்டின் முதல் கோலைப் போட்ட கோரான் பாண்டெவின் பெயர் நிலைத்தது. செட்லோஸ்கியின் 100 ஆட்டச் சாதனையை மிஞ்சியவரும் அவரே.

பாண்டெவைப் போற்றுவது நியாயம். ஆனால் வாசல் திறக்குமுன் ஆண்டுக்கணக்கில் காவல் நின்றவரையும் மறக்கலாகாது. வென்ற நாளை மட்டும் எண்ணுகிற நாடு, தோற்ற நாளில் தோள் கொடுத்தவர்களை இழந்துவிடும்.