வீட்டு விலை என்னும் புதிய சாஸ்திரம்

ஏழைகளுக்குச் சர்க்கார் உதவியோடு வீடு கட்டுவதென்ற பேச்சு எந்தப் புறநகரில் கிளம்பினாலும், அங்குள்ள சொத்துக்காரர்கள் சொல்லும் பதில் ஒன்றேதான். "ஏழைகளிடம் எங்களுக்குத் துவேஷமில்லை. ஆனால் அவர்கள் பக்கத்தில் குடிவந்தால் எங்கள் வீட்டின் விலை இறங்கிவிடுமே!" என்பதேயாகும். முன்பெல்லாம் மனிதனை மனிதன் ஒதுக்கி வைக்க மதத்தையும் சாஸ்திரத்தையும் காட்டினார்கள். இப்போது கணக்குப் புஸ்தகத்தைக் காட்டுகிறார்கள். இதில் ஒரு நன்மை உண்டு. சாஸ்திரத்தைச் சோதிக்கக் கூடாதென்பார்கள். கணக்கைச் சோதித்துப் பார்க்கலாமல்லவா? அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள்.

நியூஜெர்சி மாகாணத்தில், பிலடெல்பியா பட்டணத்துக்குச் சமீபமாக, மவுண்ட் லாரல் என்றோர் ஊர். கறுப்பர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்தவர்கள். வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகர் வாசத்தை நாடி வந்து குவிந்தபின், அவ்வூர்க் கறுப்பர்களில் சிலர் கோழிக் கொட்டகையையே வீடாக மாற்றிக் குடியிருக்கும்படி ஆயிற்று. அவர்களுக்காக 36 சிறு வீடுகள் கட்ட அநுமதி கேட்டபோது ஊராட்சி மறுத்தது. எப்படியெனில், தனி மனையில் தனி வீடுதான் கட்டலாம், பல குடும்பங்கள் சேர்ந்திருக்கும் கட்டடம் கூடாது என்பது ஊர் விதியாம். கறுப்பன் வரக்கூடாது என்று அந்த விதியில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அவன் குடியிருக்கக்கூடிய வீடு எதையும் கட்டக்கூடாது என்று மட்டுமே இருந்தது! இதைவிட நாசூக்கான தீண்டாமையை நம் வைதிகர்களாலும் கண்டுபிடிக்க முடியுமா? 1970-ல் ஊர்த்தலைவர் கறுப்பர்களின் மாதாகோயிலுக்கே போய், இங்கே வாழ வசதியில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

எதெல் லாரன்ஸ் என்ற அவ்வூர்க் கறுப்பு மாது 1971-ல் வழக்காடினார். 1975-லும் 1983-லும் மாகாண உச்சநீதிமன்றம், ஏழைகளின் வீட்டுத் தேவையில் ஒவ்வோர் ஊரும் தன் பங்கை ஏற்றாக வேண்டுமென்று தீர்ப்புக் கூறிற்று. தீர்ப்புக் கிடைத்து என்ன பயன்? 1994-ல் அந்த அம்மாள் காலமானார். 1997-ல்தான் ஊராட்சி அநுமதி கொடுத்தது. 2000-ல் அவர் பெயராலேயே வீடுகள் திறக்கப்பட்டன. பின்னால் கட்டியதையும் சேர்த்து மொத்தம் 140 வீடுகள். இதற்குத்தான் 30 வருஷக் கூச்சல்!

அப்புறம் விலை விழுந்ததா? பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் டக்ளஸ் மாஸியும் அவருடைய கூட்டாளிகளும் இவ்வூரை ஒத்த அண்டை ஊர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2013-ல் புஸ்தகம் வெளியிட்டார்கள். வீட்டு விலை, வரி, குற்றம் ஆகிய மூன்றிலும் இந்த வீடுகளால் எந்தக் கெடுதியும் வரவில்லையென்று கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அக்கம்பக்கத்தாரில் பலருக்கு அங்கே அப்படிப்பட்ட வீடுகள் இருப்பதே தெரியவில்லை.

எங்குமே விலை இறங்காதென்று நாம் சொல்ல வரவில்லை. வரிச்சலுகை கொடுத்துக் கட்டப்படும் இத்தகைய வீடுகளைப் பற்றி ரெபெக்கா டயமண்ட், டிம் மெக்வேட் என்ற இரு பொருளாதாரப் புலவர்கள் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏழைகள் வாழும் பகுதிகளில் பக்கத்து வீட்டு விலை நூற்றுக்கு 6.5 ஏறியதாகவும், வசதியுள்ளோர் பகுதிகளில் 2.5 இறங்கியதாகவும் கண்டிருக்கிறார்கள். சரி, இறங்கிய அந்த இரண்டரை எங்கிருந்து வந்தது? பழைய வீட்டின் சுவரில் விரிசல் விட்டதா? கிணறு வற்றியதா? வாங்க வருகிறவனின் மனத்திலுள்ள அருவருப்பும் அதில் ஒரு பங்கு என்பதே நமது அபிப்பிராயம். அந்த அருவருப்பை மூலதனமாக வைத்துப் பிழைத்தவர்களும் உண்டு. கறுப்பர் வருகிறார்களென்று வெள்ளையரைப் பயமுறுத்தி அவர்கள் வீட்டைச் சல்லிசாக வாங்கி, அதையே கறுப்பர்களுக்கு அதிக விலைக்கு விற்ற தரகர்கள் சென்ற நூற்றாண்டில் அமெரிக்கப் பட்டணங்களில் மலிந்திருந்தார்கள்.

ஆயினும் வாழ்நாள் சம்பாத்தியத்தையெல்லாம் ஒரே வீட்டில் போட்டிருப்பவனின் கவலையை நாம் பரிகாசம் செய்யவில்லை. அவன் கேட்கவேண்டிய கேள்விதான் வேறு. மவுண்ட் லாரலில் புதிய வீடுகளை அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒத்துப்போகும்படி கட்டினார்கள், ஒழுங்காகப் பராமரித்தார்கள். நம் ஊரிலும் அப்படிச் செய்வீர்களா, ஓட்டைக் கட்டடத்தைக் கட்டிவிட்டு ஓடிப்போவீர்களா என்று அவன் சர்க்காரைப் பார்த்துக் கேட்கட்டும்.