எச்சரிக்கை ஒலி எல்லையில் நின்றுவிடக் கூடாது

பக்கவாதம் ஒருமுறை தாக்கியவரை மீண்டும் தாக்கக் கூடும். முதல் தாக்குதலுக்குப் பிந்தைய நாட்களே மிகவும் ஆபத்தானவை. கை மரத்து, பேச்சுக் குழறி, சில நிமிடங்களில் தானாகவே சரியாகிவிடும் சிறு தாக்குதலும் அத்தகைய எச்சரிக்கைதான். யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை முன்கூட்டியே உணர்த்தும் பரிசோதனை மருத்துவ உலகில் உள்ளது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதி மக்களுக்கு அது எட்டுமா என்பதே கேள்வி.

மண்டையோட்டின் வழியே ஒலியலைகளைச் செலுத்தி மூளைத் தமனிகளின் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் முறையை 1982-ல் ரூனே ஆஸ்லிட் குழுவினர் அறிமுகப்படுத்தினர். நெற்றிப்பொட்டில் கருவியைப் பொருத்தி ஒரு மணி நேரம் கவனித்தால், தமனியில் மிதந்து செல்லும் நுண்ணிய ரத்தக்கட்டிகள் கணநேரக் கீச்சொலியாகப் பதிவாகின்றன. கதிர்வீச்சு இல்லை, நோயாளியின் படுக்கைக்கே கருவியைக் கொண்டுசெல்லலாம்.

கழுத்துத் தமனி சுருங்கியும் அறிகுறி தோன்றாத 467 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2010-ல் வெளியானது. இவ்வொலி பதிவானவர்களுக்குச் சுருக்கமுள்ள பக்கத்தில் பக்கவாதம் வரும் அபாயம் ஆண்டுக்கு 3.62 சதவீதம், மற்றவர்களுக்கு 0.70 சதவீதம். அண்மையில் தாக்குதல் கண்டு, நுண்கட்டிகளும் பதிவானவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2005-ல் வெளிவந்தது. ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரலும் பெற்றவர்களில் ஏழாம் நாள் 43.8 சதவீதம் பேருக்கே கட்டிகள் தென்பட்டன. ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 72.7 சதவீதம் பேருக்கு.

ஆயினும் கருவி மட்டும் போதாது. கட்டியின் ஒலியையும் வெற்று இரைச்சலையும் பிரித்தறியும் பயிற்சி பெற்றவர்கள் தேவை. சிகிச்சையும் உடனே தொடங்க வேண்டும். ஆக்ஸ்போர்டில் சிறு தாக்குதல் கண்டவர்களுக்கு உடனடிச் சிகிச்சை அளித்ததில், 90 நாட்களுக்குள் பக்கவாதம் திரும்புவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்ததை 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த விரைவுதான் எல்லை மக்களுக்கு எட்டாக்கனி. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் நாடறிந்தது. ஆனால் மூணாறு, பீர்மேடு தோட்டத் தொழிலாளருக்கும் அட்டப்பாடிப் பழங்குடியினருக்கும் அது வெகு தொலைவு. இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. குமுளி, போடிமெட்டு வழியாகத் தேனிக்கும், வாளையார், ஆனைகட்டி வழியாகக் கோவைக்கும் இறங்குவதே பலருக்கு எளிது. நோய் மாநில எல்லை பார்ப்பதில்லை, நிர்வாகம்தான் பார்க்கிறது.

மத்திய அரசு 2010-ல் தொடங்கிய தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தின் பெயரிலேயே பக்கவாதமும் இடம்பெற்றிருந்தது. நாட்டின் எப்பகுதியிலும் சிகிச்சை பெறலாம் என்ற உறுதியுடன் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2018-ல் வந்தது. அந்த உறுதியின் உண்மையான சோதனைக்களம் இத்தகைய எல்லைப்பகுதிகளே.

பாலக்காடு, இடுக்கி, தேனி, கோவை அரசு மருத்துவமனைகளை ஒரே பக்கவாதச் சிகிச்சை வலையாக இணைக்க இரு மாநில அரசுகளும் முன்வர வேண்டும். டாப்ளர் பரிசோதனைக்கு ஊழியர்களைப் பயிற்றுவிப்பது, நோயாளியின் விவரங்களை எல்லை தாண்டிப் பகிர்வது, மாநிலக் காப்பீடுகளைப் பரஸ்பரம் ஏற்பது ஆகியவை அதன் முதல் படிகளாகும். மத்திய அரசு நிதியும் ஒருங்கிணைப்பும் தர வேண்டும். ஒருமுறை தப்பிய உழைப்பாளியை மறுமுறை படுக்கையில் வீழ்த்தாமல் காப்பது, அக்குடும்பத்தின் வாழ்வாதாரத்தையே காப்பதாகும்.