கட்டட உயர்கல்வியும் நமது கடமையும்

நம் சங்க அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் இன்று பொறியியற் பட்டம் பெற்று வருகின்றனர். இது மகிழத்தக்கது. அவர்களுள் கட்டடப் பொறியியல் பயின்ற ஒருவர், மேலும் ஈராண்டு முதுநிலை வகுப்பிற் பயில விரும்பினால், “நான்காண்டுப் படிப்புப் போதாதா? வீடு கட்ட மேஸ்திரி இருக்கிறாரே!” என்று வீட்டார் கேட்பது இயல்பு. தறியிலும் வயலிலும் உழைத்துச் சேர்த்த பொருளைச் செலவிடுவோர் இவ்வாறு கேட்பதிற் குற்றமில்லை. ஆயினும் அக்கேள்விக்குத் தக்க விடை உண்டு.

மேஸ்திரியின் கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், எவ்வாறு கட்டுவது என்பதைக் கைத்திறன் அறியும். ஏன் அவ்வாறு, எவ்வளவு வரை என்பதை உயர்கல்வியே ஆராயும். காங்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. அவ்விழுவையை ஏற்கவே இரும்புக் கம்பி இடப்படுகிறது. பாவு நூலின் இழுவையை நாள்தோறும் கையால் உணரும் நெசவாளருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 50 கிலோ கொண்ட ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீரே அளவு. கலவை எளிதிற் பரவட்டும் என்று மேலும் ஒரு குடம் ஊற்றினால் வேலை விரைவில் முடியும். கட்டடத்தின் வலிமையோ குறையும். அக்குறை அன்று கண்ணுக்குப் புலப்படாது.

புலப்படும் நாளில் உயிர்கள் போய்விடுகின்றன. 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்த ஏழைத் தொழிலாளர். மண் எவ்வளவு பாரம் தாங்கும், தூண் எவ்வளவு சுமக்கும், காற்றும் நில அதிர்ச்சியும் கட்டடத்தை என் செய்யும் என்பனவே முதுநிலை வகுப்பின் பாடங்கள். அவற்றை ஆழ்ந்து கற்றவர் நாட்டுக்குத் தேவை என்பதை இனியும் எவர் மறுப்பார்?

எனினும், இவ்வுயர்கல்வியின் மீதும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. வானளாவிய மாளிகைகளும் பெரும் பாலங்களும் ஈர்க்குமளவுக்கு நெசவாளர் கொட்டகையும் தானியக் கிடங்கும் மாணவர் உள்ளத்தை ஈர்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறி, வேலை நின்று, கூலி இழக்கும் குடும்பங்கள் எத்தனை! காற்று மிக உலர்ந்தால் பருத்தி நூல் அறுகிறது. தகரக் கூரையின் வெப்பமோ உள்ளே இருப்பவரை வாட்டுகிறது. கிடங்கின் தரை வழியே ஈரம் ஏறினால், நன்கு காயவைத்த நெல்லும் பூஞ்சணம் பிடிக்கிறது. இவை யாவும் கட்டட விஞ்ஞானம் தீர்க்க வேண்டிய பிரச்சினைகள் அல்லவா?

நம் நாட்டிற் பொறியியற் கல்வி தோன்றிய வரலாறும் இதனையே உணர்த்துகிறது. கிண்டிப் பொறியியற் கல்லூரி, 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. ரூர்க்கியில் 1847இல் கல்லூரி ஏற்பட்டபொழுது, கங்கைக் கால்வாய் வேலைக்கு ஆட்களைப் பயிற்றுவதே அதன் முதல் நோக்கமாயிருந்தது. நிலத்துக்கும் நீருக்கும் பணி செய்யப் பிறந்த கல்வி, உழவனையும் நெசவாளனையும் மறத்தல் முறையன்று.

ஆகவே நம் சங்கங்கள் இரண்டு காரியங்களைச் செய்தல் வேண்டும். முதலாவது: முதுநிலைப் படிப்பில் மாணவர் ஆய்வேடு ஒன்று எழுதுதல் வழக்கம். தறிக் கொட்டகையோ கிடங்கோ கட்டக் கருதும் சங்கம், திட்டம் வகுக்கும் முன்பே அருகிலுள்ள பொறியியற் கல்லூரிக்கு எழுதி, தன் இடத்தையும் பழைய கட்டடத்தையும் ஆய்வுக்குத் தர முன்வரலாம். சங்கத்துக்குத் தக்க யோசனை கிடைக்கும்; மாணவருக்கு உயிருள்ள பாடம் கிடைக்கும். இரண்டாவது: உயர்கல்விக்குச் செல்லும் அங்கத்தினர் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி, துணைவிதிகள் இடந்தருமளவு பொருளுதவி செய்யப் பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம்.

மாணவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வரைபடம் தீட்டுமுன் தறிக்குழியில் ஒரு நாள் அமர்ந்து பாருங்கள். மழை நாளிற் கிடங்கின் தரையைத் தொட்டுப் பாருங்கள். நெசவாளரையும் மேஸ்திரியையும் வினவுங்கள். உங்கள் தாய் தந்தையர் ஈராண்டு கூடுதலாகச் சுமக்கும் பாரம், அவர்கள் தலைக்கு மேல் நல்லதொரு கூரையாகத் திரும்பி வருமாயின், அதனினும் சிறந்த பட்டம் வேறில்லை.