புதுமையும் பயனும்

ஒரு நிதி நிறுவனம் புதுமை படைத்தது என்று எப்போது கூறலாம்? அதன் ஆதாயம் பெருகும்போதா? அதனை நாடி வரும் எளியோரின் சுமை குறையும்போதா? இரண்டும் ஒன்றே எனக் கருதுவோர் பலர். ஒன்றல்ல என்பதைக் கென்யா நாட்டின் பட்டறிவு நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனமாகிய சஃபாரிகாம் ‘எம்-பெசா’ என்னும் பணியைத் தொடங்கியது. ‘பெசா’ என்பது சுவாகிலி மொழியில் பணத்தைக் குறிக்கும் சொல். நகரில் உழைப்போர் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்ப, அதுவரை பேருந்து ஓட்டுநரையோ ஊருக்குச் செல்லும் நண்பரையோ நம்பியிருந்தனர். வங்கியின் வாயில் அவர்களுக்குத் தொலைவில் இருந்தது. எம்-பெசா வந்தபின், தெருமுனைக் கடையில் கொடுத்த பணம் கைப்பேசிக் கணக்கில் வரவாயிற்று. இரகசிய எண்ணை அழுத்தி அனுப்பினால், பெறுபவர் தம் ஊர்க் கடையிலேயே அதனை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டார். சாதாரணக் கைப்பேசியே இதற்குப் போதுமானது.

சிறுகடன் தவணைகளைத் திருப்பிச் செலுத்துவதற்காகவே இம்முறை முதலில் வகுக்கப்பட்டது. முன்னோட்டத்தின்போது மக்களோ அதனை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தினர். நிறுவனமும் மக்களின் தேவையைப் பின்தொடர்ந்தது. இதுவே அதன் வெற்றிக்கு வேர் எனலாம்.

பயன் யாது? தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, 1,94,000 குடும்பங்கள் இதனால் வறுமையினின்று மீண்டதாக மதிப்பிட்டது. இது கென்யக் குடும்பங்களில் 2 விழுக்காடு. நோயோ வேலையிழப்போ நேர்ந்தபோது உறவினரின் உதவி விரைந்து வந்து சேர்ந்ததும் இதற்கு ஒரு காரணம்.

அதே கைப்பேசியின் வழியே கடனும் நுழைந்தது. 2012 நவம்பரில் ஒரு வணிக வங்கியுடன் இணைந்து ‘எம்-ஷ்வாரி’ தொடங்கப்பட்டது. 30 நாள் கடனுக்குக் கட்டணம் 7.5 விழுக்காடு, ஆண்டுக் கணக்கில் நோக்கின் இது ஏறத்தாழ 91 விழுக்காடாகும். பின்னர் வேறு பல செயலிகளும் கடன்தர முந்தின. தவணை தவறியோர் பலரின் பெயர்கள் கடன் தகவல் பட்டியலில் ஏறின. இறுதியில் 2021இல் சட்டமும் 2022இல் விதிமுறைகளும் இயற்றி, இத்தகைய நிறுவனங்கள் மத்திய வங்கியின் உரிமம் பெற வேண்டும் என அரசு ஆணையிட நேர்ந்தது.

“அவசரத்தில் கைகொடுக்கும் கடனைக் குறை கூறலாமா?” எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. மருத்துவச் செலவுக்கு உடனே கிடைக்கும் கடன் ஓர் உதவிதான். ஆயினும் பணம் அனுப்பும் வசதி ஏழையிடம் உள்ள பொருளுக்கு வலிமை சேர்த்தது. உயர் கட்டணக் கடனோ அவன் நாளை ஈட்டவிருப்பதை இன்றே பங்கு கேட்டது. இரண்டும் ஒரே கருவியில் இயங்குவதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று.

நாளை வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்களே! ஒரு புதிய திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது, எத்துணை விரைவானது என்று மட்டும் பாராதீர்கள். அதனைப் பயன்படுத்துவோரின் கையில் மாத இறுதியில் எஞ்சுவது கூடுமா, குறையுமா என்று கணக்கிடுங்கள். குறையுமாயின், அது வணிகத்தில் புதுமையாக இருக்கலாம்; வாழ்வில் பழைய கந்துவட்டியேயாகும்.