சிக்னல் அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்ததா?

லினக்ஸ் சர்வரில் ஒரு ப்ராசஸ் நிற்க மறுத்தால், பலருடைய விரல்கள் யோசிக்காமல் ‘கில் -9’ என்று அடித்துவிடுகின்றன. பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். சில நேரம் முடியாது. 9-ஐ அனுப்பிய பிறகும் அந்த ப்ராசஸ் பட்டியலில் அப்படியே இருக்கும். எதனாலும் தடுக்க முடியாதது என்று கையேடே சொல்லும் சிக்னல் எப்படிப் பலிக்காமல் போகும்? இதற்கு விடை தெரிந்தால் சிக்னல்களைப் பற்றிய மற்றக் குழப்பங்களும் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சிக்னலை, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேல் உடனே விழும் அடியாக நினைத்துக்கொள்வதுதான் குழப்பத்தின் வேர். உண்மையில் அதில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று அனுப்புதல், மற்றது சேர்ப்பித்தல். இரண்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு. அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, சில வேளை மணிக்கணக்கில் நீளக்கூடியது.

முதலில் அனுப்புதல். நீங்கள் ‘கில்’ அடித்ததும் கோரிக்கை கெர்னலுக்குப் போகிறது. அந்த ப்ராசஸ் உங்களுடையதா, இல்லையென்றால் உங்களுக்கு அதற்கான சிறப்பு உரிமை இருக்கிறதா என்று கெர்னல் பார்க்கிறது. சரி என்றால், அந்த ப்ராசஸுக்காகத் தான் வைத்திருக்கும் ‘நிலுவை’ப் பட்டியலில் அந்த எண்ணுக்குரிய பிட்டை 1 ஆக்குகிறது. ப்ராசஸ் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடப் பார்க்கிறது. வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த சிபியுவை ஒரு இன்டரப்ட் மூலம் கெர்னலுக்குள் வரவைக்கிறது. அனுப்பியவரின் வேலை இத்தோடு சரி. ‘கில்’ பிழையில்லாமல் திரும்பிவிட்டது என்றால் நிலுவையில் குறித்தாயிற்று என்றுதான் பொருள். ப்ராசஸ் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சேர்ப்பித்தல் நடப்பது இன்னொரு இடத்தில், இன்னொரு நேரத்தில். எந்த ப்ராசஸும் அடிக்கடி கெர்னலுக்குள் போய் வந்துகொண்டிருக்கும். கோப்பைப் படிக்க சிஸ்டம் கால் செய்தாலும் போகும், டைமர் இன்டரப்ட் வந்தாலும் போகும். அப்படிப் போனது தன் சொந்த நிரலுக்குத் திரும்பப் புறப்படும் அந்தக் கணத்தில்தான் கெர்னல் நிலுவையைப் பார்க்கிறது. அந்த ப்ராசஸ் தானே தடுத்து வைத்திருக்கும் சிக்னல்களை விட்டுவிட்டு, மிச்சத்தில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அடுத்து என்ன என்பதை ப்ராசஸ் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கும். அந்தச் சிக்னலைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லியிருக்கலாம், அதற்கென்று எழுதி வைத்த ஃபங்ஷனை, அதாவது தன் ஹேண்ட்லரை, அழைக்கச் சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாவிட்டால் இயல்பான நடவடிக்கை. பெரும்பாலான சிக்னல்களுக்கு அது ப்ராசஸின் முடிவுதான்.

ஹேண்ட்லரை அழைக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கெர்னல் அந்த ஃபங்ஷனைத் தன் எல்லைக்குள் ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது. ப்ராசஸின் சொந்த ஸ்டாக்கிலேயே ஒரு சட்டகத்தைக் கட்டி, அதில் அப்போதிருந்த ரெஜிஸ்டர்களின் மதிப்பையெல்லாம் எழுதி வைக்கிறது. அடுத்து ஓட வேண்டிய முகவரியாக ஹேண்ட்லரின் முகவரியைப் போட்டுவிட்டு ப்ராசஸை வெளியே விடுகிறது. ஹேண்ட்லர் ஓடி முடித்துத் திரும்பும் வழியில் ஒரு சின்னத் துண்டு நிரல் காத்திருக்கும். அது ‘சிக்ரிட்டர்ன்’ என்ற சிஸ்டம் காலைச் செய்கிறது. கெர்னல் சட்டகத்தைப் படித்துப் பழைய ரெஜிஸ்டர்களை மீட்டுத் தருகிறது. நிரல் விட்ட இடத்திலிருந்து, நடுவில் எதுவுமே நடக்காததுபோல் ஓடுகிறது. கெர்னலில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் இது ஒன்று.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். 9-ஆம் எண்ணான சிக்கில்லை எந்த ப்ராசஸும் தடுக்கவோ பிடிக்கவோ கண்டுகொள்ளாமல் விடவோ முடியாது. சிக்ஸ்டாப்பும் அப்படித்தான். ஆனால் சிக்கில்லும் இதே வழியில்தான் சேர வேண்டும். லினக்ஸில் ஒரு ப்ராசஸை வெளியிலிருந்து யாரும் பிய்த்தெடுப்பதில்லை. அதுவே கெர்னலுக்குள் ஓடி, தன் நினைவகத்தையும் திறந்த கோப்புகளையும் ஒப்படைத்துவிட்டுத்தான் முடிகிறது. முடிவதற்கும் அது ஒருமுறை ஓடியாக வேண்டும். டிஸ்க்கிலிருந்தோ, பதில் தராத என்எஃப்எஸ் சர்வரிலிருந்தோ தரவு வரும்வரை கலைக்க முடியாத தூக்கத்தில் அது கிடந்தால், ‘பிஎஸ்’ பட்டியலில் ‘டி’ என்ற எழுத்தோடு தெரியும். சிக்கில் நிலுவையில் காத்திருக்கும். இந்தத் தொல்லையைக் குறைக்க 2008-இல் வந்த 2.6.25 பதிப்பில், உயிரைப் பறிக்கும் சிக்னலுக்கு மட்டும் கலையும் தூக்கம் ஒன்றைச் சேர்த்தார்கள். என்எஃப்எஸ் காத்திருப்புகள் பல அதற்கு மாறின. எல்லாக் காத்திருப்புகளும் மாறிவிடவில்லை. ‘இசட்’ என்ற எழுத்தோடு தெரியும் ஜாம்பிகளின் கதை வேறு. அவை ஏற்கெனவே முடிந்துபோனவை. தாய் ப்ராசஸ் வந்து முடிவு விவரத்தைப் பெற்றுக்கொள்ளும்வரை பட்டியலில் பெயர் இருக்கும், அவ்வளவே.

நிலுவை என்பது ஒரே ஒரு பிட் என்பதிலிருந்து இன்னொரு விஷயம் பிறக்கிறது. 1 முதல் 31 வரையுள்ள வழக்கமான சிக்னல்களுக்கு எண்ணிக்கை கிடையாது. மூன்று சேய் ப்ராசஸ்கள் அடுத்தடுத்து முடிந்தால் தாய்க்கு மூன்று சிக்சைல்டு அனுப்பப்படும். முதலாவது சேருமுன் மற்ற இரண்டும் வந்துவிட்டால் சேர்வது ஒன்றுதான். ஒரு சிக்னலுக்கு ஒரு சேய் என்று கணக்கு வைத்து எழுதிய நிரலில் ஜாம்பிகள் மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். சிக்சைல்டு வந்தால் ‘யாரோ முடிந்திருக்கிறார்கள்’ என்று மட்டும் எடுத்துக்கொண்டு, இனி ஒருவரும் இல்லை என்று கெர்னல் சொல்லும்வரை ‘வெயிட்பிட்’டைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் சரி. ஒவ்வொன்றும் கணக்கில் வர வேண்டுமென்றால் 32 முதல் 64 வரையுள்ள நிகழ்நேர சிக்னல்கள் இருக்கின்றன. அவை வரிசையில் நிற்கும்.

தொடக்க கால யூனிக்ஸில் இன்னும் மோசம். 1979-இன் ஏழாம் பதிப்பில் ஹேண்ட்லர் ஒருமுறை அழைக்கப்பட்டதுமே அதன் பதிவு நீங்கிவிடும். அதைத் திரும்பப் பதிவதற்குள் இரண்டாவது சிக்னல் வந்தால் ப்ராசஸ் முடிந்தது. 1983-இன் 4.2பிஎஸ்டி அதைச் சரிசெய்தது. 1988-இன் போசிக்ஸ் தரம் ‘சிக்ஆக்‌ஷன்’ என்ற இன்றைய வடிவத்தைத் தந்தது.

கெர்னல் தன் பங்கை ஒழுங்காகச் செய்தாலும் நிரலாளர் கையில் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. ஹேண்ட்லர் எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் நுழையலாம். நினைவகம் ஒதுக்கித் தரும் ‘மாலாக்’ தன் உள் பட்டியலில் ஒரு பாதியை மாற்றிவிட்டு மறுபாதியை மாற்றும் முன்னும் நுழையலாம். அப்போது ஹேண்ட்லரும் ‘மாலாக்’கை அழைத்தால், அரைகுறையாகக் கிடக்கும் பட்டியலின் மேல் வேலை நடக்கும். ‘பிரிண்ட்எஃப்’, ‘சிஸ்லாக்’ போன்றவையும் உள்ளுக்குள் ‘மாலாக்’கை அழைக்கக்கூடியவை.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. உலகம் முழுக்க சர்வர்களுக்குள் நுழைய நாம் நம்பியிருக்கும் ஓபன்எஸ்எஸ்எச்சில் இதே தவறு இருந்ததை குவாலிஸ் நிறுவனத்தார் 2024 ஜூலை 1 அன்று வெளியிட்டார்கள். இணைப்பு கோரியவர் 120 வினாடிக்குள் தன்னை நிரூபிக்காவிட்டால் சிக்அலாரம் வரும். அதன் ஹேண்ட்லர் ‘சிஸ்லாக்’கை அழைத்துப் பதிவு எழுதியது. க்ளிப்சி நூலகத்தில் அந்த ‘சிஸ்லாக்’ உள்ளுக்குள் ‘மாலாக்’கைத் தொடுகிறது. நேரத்தைத் துல்லியமாகக் குறிவைத்தால் கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் உரிமை கிடைத்துவிடும் நிலை இருந்தது. 32 பிட் கணினியில் சராசரியாகச் சுமார் 10,000 முயற்சிகளில் அதை அவர்கள் செய்து காட்டினார்கள். என்னை மிகவும் உறுத்துவது இதன் வரலாறு. இது 2006-இலேயே கண்டுபிடித்துத் திருத்திய பிழை. 2020 அக்டோபரில் பதிவு எழுதும் பகுதியைச் சீரமைத்தபோது அந்தத் திருத்தம் தந்த காப்பு தவறுதலாக நீக்கப்பட்டு, 8.5பி1 பதிப்போடு பிழை திரும்ப வந்துவிட்டது. ஓபன்பிஎஸ்டி தப்பியது. அங்கே ஹேண்ட்லருக்குள் அழைக்கவென்றே பாதுகாப்பான ‘சிஸ்லாக்’ வடிவம் ஒன்றை 2001-இலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆகவே ஹேண்ட்லருக்குள் ஒரு கொடியை உயர்த்திவிட்டு வெளியேறுவதே நல்லது. மிச்ச வேலையை, கொடியைப் பார்த்து நிரலின் முதன்மைச் சுற்று செய்துகொள்ளட்டும். லினக்ஸில் 2.6.22 முதல் ‘சிக்னல்எஃப்டி’யும் உண்டு. சிக்னலைத் தடுத்து வைத்துவிட்டு, அதை ஒரு கோப்பைப் படிப்பதுபோல் வசதியான நேரத்தில் படித்துக்கொள்ளலாம். ஹேண்ட்லரே தேவைப்படாது. புதிதாக எழுதுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி ‘கில் -9’ பழக்கம். எண் எதுவும் சொல்லாவிட்டால் ‘கில்’ அனுப்புவது 15-ஆம் எண், சிக்டெர்ம். இதைப் பிடிக்க முடியும் என்பதுதான் இதன் அருமை. பாதியில் நிற்கும் எழுத்தை டிஸ்க்கில் முடிக்கலாம், பூட்டுக் கோப்புகளை அழிக்கலாம், வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்பிவிட்டு இணைப்பை மூடலாம். சிக்கில் இதற்கெல்லாம் இடம் தராது. அதனால்தான் நிறுத்தும் கருவிகள் எல்லாம் முதலில் சிக்டெர்ம் அனுப்பிக் காத்திருந்து, பிறகே சிக்கில் அனுப்புகின்றன. மாற்றாமல் விட்டால் டாக்கர் 10 வினாடி காத்திருக்கும், குபர்னெட்டிஸ் 30, சிஸ்டம்டி 90.

அந்தக் காத்திருப்பு கன்டெய்னர்களில் பல இடங்களில் வீணாகிறது. கன்டெய்னருக்குள் முதலில் தொடங்கும் ப்ராசஸின் எண் 1. எண் 1-க்கு கெர்னல் ஒரு தனிச் சலுகை தருகிறது. ஹேண்ட்லர் வைக்காத சிக்னல் எதையும் உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ யாரும் அதற்குச் சேர்ப்பிக்க முடியாது. வெளியிலிருந்து வரும் சிக்கில்லும் சிக்ஸ்டாப்பும் மட்டுமே விலக்கு. தொடக்க ஸ்கிரிப்ட் ஒன்று ஷெல்லில் ஓடி, அதன் கடைசி வரியில் உங்கள் சர்வர் நிரல் தொடங்குகிறது என்றால், எண் 1 அந்த ஷெல். டாக்கர் அனுப்பும் சிக்டெர்ம் ஷெல்லிடம் வந்து ஒன்றுமில்லாமல் போகிறது. நிரலுக்குச் செய்தியே எட்டாது. 10 வினாடி கழித்து எல்லாம் சிக்கில்லில் முடியும். நிரலாளர் கவனமாக எழுதிய ஹேண்ட்லர் ஒருமுறைகூட ஓடியிருக்காது. அந்தக் கடைசி வரியின் முன்னால் ‘எக்ஸெக்’ என்று சேர்த்தால் ஷெல்லின் இடத்தில் நிரலே எண் 1 ஆகிவிடும், சிக்டெர்ம் நேரே அதற்கு வரும்.