நகலில் பிறந்தவர்கள்

2000-ம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலி நிலையங்கள் சிலவற்றில் மெட்டாலிகா குழுவின் புதிய பாட்டு ஒன்று ஒலிக்கத் தொடங்கியது. அதைக் கேட்டு அதிர்ந்தவர்கள் மெட்டாலிகா குழுவினர்தான். 'மிஷன்: இம்பாசிபிள் 2' படத்துக்கான அந்தப் பாட்டை அவர்கள் இன்னும் முடித்திருக்கவில்லை. அரைகுறை வடிவம் எங்கிருந்து கசிந்தது என்று தேடிக்கொண்டு போனதில், தடம் நாப்ஸ்டர் என்ற இணைய சேவையில் போய் நின்றது. அங்கே அந்த ஒரு பாட்டோடு, குழு அதுவரை வெளியிட்டிருந்த பாடல்களும் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தன.

ஏப்ரல் 13 அன்று வழக்கு. மே 3 அன்று டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக்கே நாப்ஸ்டர் அலுவலகத்தில் பெட்டி பெட்டியாகக் காகிதங்களோடு போய் இறங்கினார். தங்கள் பாடல்களைப் பரிமாறிக்கொண்ட 3,35,435 பயனாளர் பெயர்களின் பட்டியல் அது. வெளியே கூடியிருந்தவர்களில் சிலர் அவரை ஏசினார்கள். கோடீஸ்வரர்கள் தங்கள் ரசிகர்களையே காட்டிக்கொடுக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பழைய ரசிகர்களின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெளியாகாத ஒரு பதிவை ஊரெல்லாம் நகலெடுத்துப் பரப்பியதால்தான் மெட்டாலிகா என்ற குழுவே உருவானது. அந்த நகல்களுக்கு அப்போது யாரும் வழக்குப் போடவில்லை.

அந்தக் கதையைப் புரிந்துகொள்ள எண்பதுகளின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். மின் கிதார்களின் உறுமலும் டிரம்ஸின் இடியுமாக ஒலிக்கும் ஹெவி மெட்டல் இசையில் அப்போது பிரிட்டனில் ஒரு புதிய அலை எழுந்திருந்தது. பெரிய இசை நிறுவனங்கள் கவனிப்பதற்கு முன்பே இளைஞர்கள் தாங்களாகவே பதிவு செய்து, தாங்களாகவே விற்றார்கள். அயர்ன் மெய்டன் குழு 1978-ம் ஆண்டின் கடைசி இரண்டு நாட்களில் கேம்பிரிட்ஜில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தது. லண்டனில் மெட்டல் இசைக்கென்றே ஒரு கூடத்தை நடத்திவந்த நீல் கே அந்தப் பதிவை விடாமல் ஒலிபரப்பினார். கேட்டவர்கள் விலைக்குக் கேட்டார்கள். அதிலிருந்து மூன்று பாடல்களை 1979-ல் இசைத்தட்டாக 5,000 பிரதிகள் போட்டு, தபாலில் அனுப்பியே விற்றார்கள். டயமண்ட் ஹெட் என்ற இன்னொரு குழுவின் முதல் இசைத்தட்டு வெற்று வெள்ளை உறையில் 1980-ல் வந்தது. தமிழில் சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தப் பாடு நன்றாகப் புரியும்: சொந்தக் காசு, சில ஆயிரம் பிரதிகள், தபால் தலை ஒட்டும் வேலையும் ஆசிரியருக்கே.

இந்த இசை அமெரிக்க வானொலியில் ஒலிக்கவில்லை. இறக்குமதி இசைத்தட்டுகள் விற்கும் ஒன்றிரண்டு கடைகளில் மட்டும், கூடுதல் விலைக்குக் கிடைத்தது. அந்தக் கடைகளை மொய்த்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவர் லார்ஸ் உல்ரிக். டென்மார்க்கின் டேவிஸ் கோப்பை டென்னிஸ் வீரர் டார்பன் உல்ரிக்கின் மகன். மகனும் டென்னிஸ் வீரராவார் என்ற எண்ணத்தில் குடும்பம் 1980-ல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. மகனின் கவனமோ மட்டையில் இல்லை. 1981-ல் டயமண்ட் ஹெட் குழுவைத் தேடி இங்கிலாந்துக்கே போய், அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டுத் திரும்பினார்.

தன்னைப் போன்றவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடப்பதை அவர் தெரிந்துகொண்டது கேசட் மூலம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், எண்பதுகளில் மலிவு விலைக்கு வந்திருந்தது. விருப்பப் பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, 60 நிமிடத்திலோ 90 நிமிடத்திலோ பதிந்து வாங்கிய தலைமுறைக்கு அதன் மகிமையைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க, ஐரோப்பிய மெட்டல் ரசிகர்கள் இதையே ஒரு பண்டமாற்று முறையாக வளர்த்தார்கள். தன்னிடம் உள்ள பதிவுகளைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அவர் தன் பட்டியலை அனுப்புவார். உன்னிடமிருந்து இரண்டு, என்னிடமிருந்து இரண்டு. முகவரிகள் ரசிகர்களே நடத்திய சிறு பத்திரிகைகளில் கிடைத்தன. வெளிநாட்டுக்கு சர்வதேச பதில் கூப்பன்கள். காசில்லாதவர்கள் தபால் தலைமீது பசை தடவி அனுப்புவார்கள். முத்திரை பசைமீது விழும், கழுவிவிட்டு மறுபடி ஒட்டலாம். தபால் துறைக்கு இழப்புதான்.

இந்த வழியில் சுற்றியவற்றில் மதிப்பு அதிகம் 'டெமோ' எனப்படும் மாதிரிப் பதிவுக்கு. நிறுவனங்களின் கதவைத் தட்டுவதற்காக ஒரு குழு ஒன்றிரண்டு நாட்களில், கிடைத்த பணத்தில் பதிந்துகொள்வது டெமோ. கடையில் கிடைக்காது. ஒருவர் கொடுத்தால்தான் உண்டு.

1981 அக்டோபரில் உல்ரிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய குழுவுக்குப் பெயரே இந்த உலகத்திலிருந்துதான் வந்தது. சான் பிரான்சிஸ்கோ நண்பர் ரான் குவின்டானா தன் ரசிகர் பத்திரிகைக்காக யோசித்துவைத்திருந்த பெயர்களில் ஒன்று 'மெட்டாலிகா'. இன்னொரு பத்திரிகை நடத்திய பிரையன் ஸ்லேகல் 1982-ல் 'மெட்டல் மாஸக்கர்' என்ற தொகுப்பு இசைத்தட்டில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தார். முதல் பதிப்பில் குழுவின் பெயரில் ஆங்கில 'டி' ஒன்று கூடுதலாக விழுந்திருந்தது. யாரென்றே தெரியாத குழுவுக்கு எழுத்துப் பிழை ஒரு கேடா!

அதே ஆண்டு ஜூலையில் கலிஃபோர்னியாவின் டஸ்டின் நகரில் ஏழு பாடல்களைப் பதிவு செய்தார்கள். 'நோ லைஃப் டில் லெதர்' என்று பெயர். கேசட் உறைகளில் பாடல் பெயர்களை உல்ரிக்கே கையால் எழுதினார். பண்டமாற்று நண்பர்களுக்குப் பிரதிகள் போயின. அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு நகலெடுத்தார்கள். நகலின் நகல், அதன் நகல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரைச்சல் கூடியது, சிம்பலின் கணீரென்ற ஒலி மங்கியது. இயந்திரத்துக்கு இயந்திரம் ஓட்ட வேகம் மாறியதால் பாட்டின் சுருதிகூட ஏறி இறங்கியது. இருந்தும் கேட்டார்கள். இரைச்சலுக்குப் பின்னால் இருந்த வேகம் அதுவரை அமெரிக்காவில் யாரும் கேட்டிராதது. அந்த செப்டம்பரில் மெட்டாலிகா முதல் முறையாக சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஏறியபோது, ஓர் இசைத்தட்டுகூடச் சொந்தமாக வெளியிடாத குழுவின் பாடல்களைக் கூட்டம் கூடவே பாடியது.

கேசட் கண்டத்தைக் கடந்தது. நியூ ஜெர்சியில் ஒரு சந்தையில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த தம்பதி ஜான் ஸாஸுலா, மார்ஷா ஸாஸுலா. 1983-ன் தொடக்கத்தில் வாடிக்கையாளர் மூலம் வந்த கேசட்டைக் கேட்ட ஜான், 1,500 டாலர் அனுப்பிக் குழுவைக் கிழக்கே வரவழைத்தார். பெரிய நிறுவனங்கள் கைவிரித்தன. தம்பதியே 'மெகாஃபோர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1983 ஜூலை 25 அன்று மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்' வெளியானது. பத்துப் பாடல்களில் பெரும்பாலானவை அந்தக் கேசட்டில் ஏற்கனவே சுற்றியவைதான். 1991-ல் வந்த ஐந்தாவது ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்றது.

மெட்டாலிகா தனி உதாரணமல்ல. ஃபுளோரிடாவில் சக் ஷுல்டினர் என்ற பதினாறு வயதுப் பையன் 1983-ல் தொடங்கிய 'மாண்டாஸ்' குழு, அடுத்த ஆண்டே 'டெத்' என்று பெயர் மாறி, 1987-ல் முதல் ஆல்பம் வரும்வரை கேசட்டிலேயே வாழ்ந்தது. கடைகளுக்கு அது போய்ச் சேர்ந்தபோது உலகின் பல மூலைகளிலும் அதன் ரசிகர்கள் காத்திருந்தார்கள். டெத் மெட்டல் என்ற தனி வகையே இத்தகைய கேசட்டுகளின் மூலம் பரவியதுதான்.

இத்தனைக்கும் அந்தக் காலத்தில் இசைத்துறை கேசட்டை எதிரியாகவே பார்த்தது. வீட்டில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்று பிரிட்டன் இசை நிறுவனங்களின் சங்கம் 1981-ல் பிரசாரமே நடத்தியது. சின்னம், கேசட் வடிவ மண்டை ஓடும் குறுக்கு எலும்புகளும். அந்த மண்டை ஓட்டின் நிழலில்தான் ஹெவி மெட்டலின் அடுத்த தலைமுறை வளர்ந்தது.

அப்படியானால் 2000-ல் உல்ரிக் வழக்குப் போட்டது ஏறிவந்த ஏணியை எட்டி உதைத்த கதைதானா? பலரும் அப்படித்தான் முடிவுகட்டினார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

அந்த ஜூலையில் அமெரிக்க செனட் குழுவின் முன் ஆஜரான உல்ரிக்கின் வாதம், தங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான். தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்து பரிமாறிக்கொள்ள மெட்டாலிகா தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே அனுமதித்து வந்திருக்கிறது. எதைக் கொடுப்பது என்று தாங்களே முடிவு செய்வது ஒன்று, எடுத்துக்கொண்டு போய்விடுவது வேறு என்பது குழுவின் கட்சி. 1982-ல் கேசட்டை ஊருக்கு அனுப்பியவர்கள் அவர்களே.

பழைய பண்டமாற்றில் இன்னொன்றும் இருந்தது: கடன். ஒரு 90 நிமிட கேசட்டைப் பதிய 90 நிமிடம் ஒருவர் உட்கார வேண்டும். கேசட் வாங்க வேண்டும், பெயர் எழுத வேண்டும், தபால் செலவு செய்ய வேண்டும். பெற்றவருக்குப் பதில் அனுப்பும் பொறுப்பு உண்டு. ஏமாற்றினால் பெயர் கெட்டுவிடும். இவ்வளவு பாடுபட்டு இரைச்சலோடு கேட்டவர், அசல் வந்தபோது ஓடிப்போய் வாங்கினார். நாப்ஸ்டரில் இது எதுவும் இல்லை. நகல் குறையவில்லை, ஆகவே அசலுக்கு ஏங்க வேண்டியதில்லை. கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை, ஆகவே கடனும் இல்லை.

ஆனால் மெட்டாலிகாவும் எல்லாக் கடனையும் உடனே ஒப்புக்கொண்ட குழு அல்ல. ஆரம்ப கால மேடைகளில் டயமண்ட் ஹெட்டின் பாடல்களை, பிறருடையவை என்று சொல்லாமலே வாசித்தார்கள். 1984-ல்தான் 'ஆம் ஐ ஈவில்?' பாட்டை உரியவர் பெயரோடு பதிவு செய்தார்கள். அதன்பின் வந்த ராயல்டி டயமண்ட் ஹெட் கிதார் கலைஞர் பிரையன் டாட்லருக்குப் பெரும் ஆதரவாக அமைந்தது.

டெமோவில் லீட் கிதார் வாசித்த டேவ் மஸ்டெய்னின் கதை இன்னும் கசப்பு. நியூயார்க் வந்துசேர்ந்த சில நாட்களில், 1983 ஏப்ரலில், குடிப்பழக்கத்தைக் காரணம் காட்டி அவரை நீக்கி கலிஃபோர்னியாவுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்த கர்க் ஹாமெட், மஸ்டெய்னின் வாசிப்பைக் கேட்டே பாடல்களைப் பழகிக்கொண்டார். முதல் ஆல்பத்தின் நான்கு பாடல்களில் மஸ்டெய்னின் பெயர் இருக்கிறது. அவர் மெகாடெத் என்ற தன் சொந்தக் குழுவோடு புகழ் பெற்ற பிறகும் அந்தக் கேசட்டின் தகராறு ஓயவில்லை. 2015-ல் அந்த டெமோவை விரிவாக மறுவெளியீடு செய்யும் பேச்சு நடந்ததாகவும், எந்தப் பாட்டை யார் எழுதியது என்பதில் முறிந்துவிட்டதாகவும் மஸ்டெய்ன் வெளிப்படையாகக் கூறினார்.

நாப்ஸ்டர் வழக்கு 2001 ஜூலையில் சமரசமாக முடிந்தது. 2002-ல் அந்த நிறுவனம் திவாலானது. 2012 டிசம்பரில் மெட்டாலிகா ஸ்பாட்டிஃபை சேவையில் தங்கள் பாடல்களை வெளியிட்ட மேடையில், உல்ரிக்கின் பக்கத்தில் நின்றவர் நாப்ஸ்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷான் பார்க்கர்.

2015 ஏப்ரலில் 'நோ லைஃப் டில் லெதர்' முதல் முறையாகக் கடைக்கு வந்தது, கேசட்டாகவே. உறையில் உல்ரிக்கின் பழைய கையெழுத்து அப்படியே அச்சிடப்பட்டிருந்தது. 33 ஆண்டுகளுக்கு முன் அதே ஏழு பாடல்களைத் தபால் தபாலாக ஊர் சேர்த்தவர்களின் பெயர்கள் எந்த உறையிலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பதிலுக்கு ஒரு கேசட் வந்தால் கணக்கு தீர்ந்தது.